வெள்ளைக்கு நேரம், கறுப்புக்கு கிரேடு

தேனி மாவட்டத்தில் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். உச்சிவெயிலில் பந்தலுக்கு அடியில் நின்று கறுப்பு-வெள்ளை பிலிமில் ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இலை இடுக்குகளின் வழியே வெயில் துண்டு துண்டாக இறங்குகிறது. ஒரு துண்டு, பழம் பறித்துக்கொண்டிருப்பவரின் வெள்ளை வேட்டியில் விழுகிறது. நிழலுக்குள் கருங்குலை தொங்குகிறது. பழத்தின் தோலில் மெல்லிய வெண்பூச்சு. விரல் பட்ட இடத்தில் மட்டும் அது அழிந்து தோல் பளபளக்கிறது. பழம் இன்று பறித்ததா, நேற்றையதா என்பதைத் தெரிந்தவர்கள் அந்தப் பூச்சை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நெகட்டிவ் குறையில்லாமல் வந்திருக்கிறது. இருட்டறையில் அதை ஒரு காகிதத்தில் பிரிண்ட் போட்டால் குலை கரிக்கட்டியாகிவிடுகிறது; வேட்டியில் ஒரு மடிப்புகூட இல்லை. வேறொரு காகிதத்தில் போட்டால் வேட்டியும் சாம்பல், பழமும் சாம்பல். இரண்டிலும் பழத்தின் பூச்சைக் காணோம். அது தெரிகிற பிரிண்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் கான்ட்ராஸ்ட் பிடிப்பது என்கிறோம். கைப்பழக்கம் என்றும் கைராசி என்றும் பேசப்பட்டுவந்த இந்த வேலைக்குள் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வீணாகும் காகிதம் வெகுவாகக் குறையும்.

மூன்று விகிதங்கள்

முதலில் தோட்டத்து வெளிச்சத்தை அளப்போம். வெளுத்த வேட்டி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கருந்திராட்சை 4 விழுக்காடு அனுப்புவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் வித்தியாசம் 20 மடங்கு. ஆனால் வேட்டி வெயிலில் இருக்கிறது, குலை நிழலில் இருக்கிறது. வெயில் பந்தல் நிழலைப்போல் 16 மடங்கு என்று கொண்டால், இரண்டும் பெருகி 320 மடங்காகிவிடும். பொருளின் நிறமும் அதன்மேல் விழும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. நேரில் நிற்கும்போது நம் கண் இடத்துக்கு இடம் தன்னைச் சரிசெய்துகொண்டு இதை மறைத்துவிடுகிறது. பிலிமுக்கு அந்த வசதி கிடையாது.

இந்த 320 மடங்கை நெகட்டிவ் சுருக்கி வாங்கிக்கொள்கிறது. வழக்கமான நேரம் கழுவிய பிலிம், மடக்கைக் கணக்கில், வெளியுலக வித்தியாசத்தை 55 விழுக்காடு அளவுக்குக் குறைக்கும். அப்படிக் குறைத்தால் 320 மடங்கு 24 மடங்காகச் சுருங்குகிறது. அதாவது நெகட்டிவில் குலை இருக்கும் தெளிந்த பகுதி, வேட்டி இருக்கும் கறுத்த பகுதியைப்போல் 24 மடங்கு ஒளியை விடும்.

காகிதம் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. பளபளப்பான புகைப்படக் காகிதத்தின் வெள்ளை, அதே காகிதத்தின் ஆழ்ந்த கறுப்பைப்போல் சுமார் 100 மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் இது 40 மடங்கைக்கூடத் தொடாது. ஆனால் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போக, காகிதத்தின்மேல் விழும் ஒளி 100 மடங்கு மாற வேண்டியதில்லை. ‘நார்மல்’ என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் கிரேடு 2 காகிதத்துக்கு 12 மடங்கு மாறினால் போதும். சுருங்கி வந்த நெகட்டிவை அது மறுபடி 100 மடங்காக விரித்துக் காட்டுகிறது.

கான்ட்ராஸ்ட் என்ற புதிர் முழுவதும் இந்த இரண்டு எண்களின் பொருத்தம்தான்: நெகட்டிவ் தரும் மடங்கு ஒன்று, காகிதம் கேட்கும் மடங்கு மற்றொன்று. இல்ஃபோர்ட் நிறுவனம் தன் மல்டிகிரேடு காகிதத்துக்கு வெளியிட்ட அளவுகளை மடங்காக மாற்றிப் பார்த்தால், கிரேடு 00 சுமார் 60 மடங்கு கேட்கும். கிரேடு 0 கேட்பது 40, கிரேடு 1 கேட்பது 20, கிரேடு 2 கேட்பது 12, கிரேடு 3 கேட்பது 8, கிரேடு 4 கேட்பது 4. கிரேடு 5 இரண்டரை மடங்கிலேயே வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போய்விடும். நம் நெகட்டிவ் தருவது 24. கிரேடு 2 காகிதத்தில் அதைப் போட்டால் 12 மடங்கு மட்டுமே உள்ளே அடங்கும். மீதி இரு முனைகளிலும் வழிந்துபோகும். கரிக்கட்டியும் வெற்று வேட்டியும் அப்படி வந்தவைதான். இந்த நெகட்டிவுக்கு உரிய இடம் கிரேடு 0க்கும் 1க்கும் இடையில், 1ஐ ஒட்டி இருக்கிறது.

அதே தோட்டத்துக்கு ஆனி, ஆடியில் போவோம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியாகச் சாரலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. மேகமலைப் பக்கம் முழுவதும் மூடிக்கிடக்கிறது. வெயிலே இல்லாததால் பந்தலுக்குள் நிழலும் இல்லை. அதே வேட்டிக்கும் அதே குலைக்கும் இப்போது 20 மடங்குதான் வித்தியாசம். பிலிம் சுருக்கியபின் 5 மடங்கு. இதைக் கிரேடு 2 காகிதத்தில் போட்டால் காகிதத்தின் வெள்ளையும் கறுப்பும் பயன்படாமல் நடுச்சாம்பலிலேயே படம் முடிந்துவிடும். இதற்குக் கிரேடு 3க்கு மேல் போக வேண்டும். ஹார்டு நெகட்டிவுக்கு சாஃப்ட் பேப்பர், சாஃப்ட் நெகட்டிவுக்கு ஹார்டு பேப்பர் என்று ஸ்டூடியோக்களில் சொல்வது இந்தக் கணக்கின் சுருக்கம்.

பிலிமைக் கழுவும்போதே இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். கடும் வெயிலில் எடுத்ததைக் குறைந்த நேரம் கழுவினால் வெளிச்சப் பகுதிகள் கூடுதலாகக் கறுக்காமல் நிற்கும். நிழல் பகுதிகள் முதலிலேயே வந்துவிடுவதால் அவை பெரிதாக மாறா. தட்டையான பிலிமில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கழுவியவர்களுக்கு அது வாய்த்தது. 36 படச் சுருளில் வாய்க்காது. விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்து ஃபிளாஷ், உச்சிவெயிலில் வாசல் குரூப் போட்டோ எல்லாம் ஒரே சுருளில் கிடக்கும்; எல்லாவற்றுக்கும் ஒரே கழுவல்தான். படத்துக்குப் படம் மாற்ற முடிகிற ஒரே இடம் காகிதம். கிரேடுகள் பிறந்ததன் அவசியம் அதுதான்.

படிகங்களின் வேலை

ஒரே மாதிரி தெரிகிற இரண்டு காகிதங்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி புரோமைடு, வெள்ளி குளோரைடு படிகங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு படிகத்தில் போதுமான ஒளி பட்டால் அதன் ஓரிடத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. எந்த நுண்ணோக்கிக்கும் எளிதில் சிக்காத அந்தச் சில அணுக்கள் இருந்துவிட்டால், டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடும். இல்லையென்றால் படிகம் அப்படியே நின்று, பிறகு படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போவில் கரைந்து போகும். இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1938இல் ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் கொடுத்த விளக்கம்தான் இன்றைய புரிதலுக்கு அடிப்படை.

ஆக, ஒரு படிகத்துக்குக் கறுப்பு உண்டு அல்லது இல்லை, சாம்பல் கிடையாது. படத்தில் நாம் பார்க்கும் சாம்பல், ஓரிடத்தில் எத்தனை படிகங்கள் கறுத்தன என்பதன் எண்ணிக்கை. படிகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாகவும் ஒரே உணர்திறனோடும் இருந்தால், ஒளி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்தே கறுத்துவிடும். அதுதான் ஹார்டு பேப்பர். சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் சில முந்தும், சில பிந்தும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் பாதை நீளும். அது சாஃப்ட் பேப்பர்.

பழைய முறையில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு தனிப் பெட்டி வாங்க வேண்டும். 1940இல் இல்ஃபோர்ட் கொண்டுவந்த மல்டிகிரேடு, ஒரே தாளில் எல்லாக் கிரேடுகளையும் அடக்கியது. இன்றைய மல்டிகிரேடு தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகக் கலவைகள் கலந்திருக்கும். நீல ஒளியை எல்லாமே ஒரே அளவில் உணரும். பச்சை ஒளியை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் உணரும். நீலத்தைக் காட்டினால் எல்லாம் சேர்ந்து கறுக்கும், கான்ட்ராஸ்ட் கூடும். பச்சையைக் காட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுக்கும், கான்ட்ராஸ்ட் குறையும். நெகட்டிவைக் காகிதத்தில் பெரிதாக்கி விழவைக்கும் என்லார்ஜரில் செருகும் மெஜந்தா ஃபில்ட்டர் பச்சையைத் தடுத்து நீலத்தை விடுகிறது. மஞ்சள் ஃபில்ட்டர் நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடுகிறது. ஃபில்ட்டரின் நிறம் படத்தில் எங்கும் தெரியாது. அது மாற்றுவது கறுப்பு எவ்வளவு சீக்கிரம் வந்துசேர்கிறது என்பதை மட்டுமே.

என்லார்ஜரின் விளக்கும் இதில் பங்கெடுக்கிறது. கண்டென்சர் லென்ஸ் வைத்த என்லார்ஜரில் ஒளி ஒரே திசையில் நெகட்டிவைத் துளைக்கும். வெள்ளித் துகள் நிறைந்த கறுத்த பகுதிகள் அந்த ஒளியைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடுவதால் அவை இன்னும் கறுப்பாக நடந்துகொள்ளும். ஆந்த்ரே காலியே 1909இல் விளக்கிய இந்த விளைவால், பால் கண்ணாடி வழியே ஒளியைப் பரப்பும் என்லார்ஜரைவிடக் கண்டென்சரில் படம் ஏறத்தாழ ஒரு கிரேடு ஹார்டாக வரும். நண்பர் சொன்ன கிரேடு நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இது முதல் காரணம்.

பூச்சு எங்கே தொலைந்தது?

இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் காரத் தொழிற்சாலை வேலையில் இருந்த இரண்டு நண்பர்கள், ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ சார்லஸ் டிரிஃபீல்டும், 1890இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டார்கள். ஒளியின் அளவு மடங்குக் கணக்கில் கிடைக்கோட்டில், கறுப்பின் அடர்த்தி நிலைக்கோட்டில். அந்தக் கோடு படுத்த எஸ் வடிவில் வந்தது. தொடக்கத்தில் ஒளி பட்டும் கறுப்பு ஏறத் தயங்குகிறது. நடுவில் செங்குத்தாக ஏறுகிறது. முடிவில் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் கறுப்பு கூடாமல் தட்டையாகிவிடுகிறது. பிலிமுக்கும் காகிதத்துக்கும் இன்றுவரை இதே வளைகோடுதான் ஜாதகம்.

திராட்சையின் பூச்சுக்கு வருவோம். பூச்சுள்ள தோல், துடைத்த தோலைப்போல் இரண்டு மடங்கு ஒளியைத் திருப்புவதாகக் கொள்ளுங்கள். நெகட்டிவில் அந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகச் சுருங்கும். காகிதத்தின் வளைகோட்டில் அது செங்குத்தான நடுப்பகுதியில் விழுந்தால் மறுபடி இரண்டு மடங்கை நெருங்கி விரியும். பூச்சு கண்ணுக்குத் தெரியும். தட்டையான மேல்முனையில் விழுந்தால் இரண்டும் ஒரே கறுப்பாகிவிடும். சாஃப்ட் காகிதத்தில் நடுப்பகுதியே செங்குத்தாக இல்லாததால் வித்தியாசம் மங்கிப்போகும். கான்ட்ராஸ்ட் கூடினால் விவரம் கூடும் என்பதும் குறைந்தால் விவரம் கூடும் என்பதும் அரை உண்மைகளே. பக்கத்துப் பக்கத்துச் சாம்பல்கள் பிரிந்து தெரிய ஹார்டு வேண்டும். இரு முனைகளும் உள்ளே அடங்க சாஃப்ட் வேண்டும். ஒவ்வொரு பிரிண்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்த ஒரு பேரம்.

காட்டில் படம் எடுப்பவருக்கு இந்தப் பேரம் இன்னும் கடினம். கடைசிவரை கறுப்பு-வெள்ளையிலேயே நின்ற இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவோடு தென்னிந்தியக் காடுகளில் யானைகளைத் தொடர்ந்தவர். மூங்கில் நிழலில் நிற்கும் யானையின் தோல் ஒரு சாம்பல், பின்னால் இருக்கும் புதர் ஏறக்குறைய அதே சாம்பல். யானையைப் புதரிலிருந்து பிரிக்கக் கான்ட்ராஸ்டைக் கூட்ட வேண்டும். கூட்டினால் முதுகில் விழுந்த ஒரு வெயில்துண்டு வெந்துபோய்விடும். வண்ணப் படத்தில் பச்சை வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். கறுப்பு-வெள்ளையில் தீர்ப்பு காகிதத்தின் கையில்.

இரண்டு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இருட்டறையில் இரண்டு சோறு பார்க்க வேண்டும்: ஒன்று வெள்ளையிலிருந்து, ஒன்று கறுப்பிலிருந்து. ஒளி காட்டும் நேரம், கிரேடு என்ற இரண்டு கைப்பிடிகளையும் ஒரே சமயத்தில் திருகுவதால்தான் புதிதாகக் கற்பவர்கள் திணறுகிறார்கள். வரிசை வகுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலில் கிரேடு 2ஐ வைத்து ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை அட்டையால் மறைத்துக்கொண்டே 5, 7, 10, 14, 20 நொடி என்று ஏறும் நேரங்களில் ஒளி காட்டுவது. சமமான நொடிகளைக் கூட்டிக்கொண்டு போவதைவிட இப்படி மடங்காகப் போவது நல்லது. வளைகோடு மடங்கைத்தான் அறியும். அந்தத் துண்டில் வேட்டி விழும்படி வைக்க வேண்டும். மடிப்புகள் லேசாகத் தெரியத் தொடங்கி, வேட்டி இன்னும் வேட்டியாக இருக்கும் நேரம் எதுவோ அதுதான் நம் நேரம். இந்தக் கட்டத்தில் கறுப்பைப் பார்க்கவே கூடாது.

அந்த நேரத்தில் முழுப் படம் ஒன்று போட்ட பிறகுதான் கறுப்பின் முறை. குலை சாம்பலாக இருந்தால் கிரேடைக் கூட்ட வேண்டும். பூச்சும் தோலும் ஒன்றாக மூழ்கிக் கரியாகியிருந்தால் குறைக்க வேண்டும். கிரேடு மாறினால் வெள்ளையும் சற்று நகரும் என்பதால் மறுபடி ஒரு சிறு துண்டில் வேட்டியைச் சரிபார்க்க வேண்டும். இல்ஃபோர்டின் ஃபில்ட்டர்களில் 00 முதல் 3½ வரை ஒரே நேரம் பொருந்தும். 4 முதல் 5 வரை நேரம் இரு மடங்கு. அந்தச் சமநிலை ஒரு நடுச்சாம்பலை ஒட்டி அமைத்தது, வெள்ளையை ஒட்டி அமைத்தது அல்ல. அதனால் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்க முடியாது. வெள்ளையை நேரத்தால் பிடி, கறுப்பைக் கிரேடால் பிடி: வேலையின் சாரம் இவ்வளவுதான்.

ஏன் வெள்ளையில் தொடங்க வேண்டும்? வெள்ளைக்குப் பக்கத்தில் அடர்த்தி துளி மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஆழ்ந்த கறுப்பில் அதே மாற்றத்தைக் கண் கவனிக்காது. தவறு செய்ய இடமில்லாத முனையை முதலில் கட்டிவைப்பதுதான் முறை.

ஈரத்தில் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. ஈரமான பிரிண்ட் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் வெள்ளைகள் ஒரு சாயல் கறுத்து, படம் சற்று மங்கும். பிளாஸ்டிக் பூசாத நார்க் காகிதத்தில் இது நன்றாகவே தெரியும். அதனால் ஈரத்தில் கொஞ்சம் வெளுப்பாகத் தோன்றுவதே சரியான நேரம். சேஃப் லைட்டின் மங்கிய சிவப்பில் பார்த்தால் எல்லாப் படமும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். ‘கறுத்துப்போகிறதே’ என்று டெவலப்பரிலிருந்து சீக்கிரம் எடுத்தால் கறுப்பு முழுமை பெறாமல் திட்டுத்திட்டான சாம்பலாக நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு ஹார்டு பேப்பர் தேடிப்போனவர்கள் ஏராளம். குறை காகிதத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத்துக்கு ஒரு நிமிடம், நார்க் காகிதத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று முழுமையாகக் கழுவினால்தான் கிரேடு தன் உண்மையான முகத்தைக் காட்டும்.

வெயிலூர் இருட்டறை

புத்தகங்களில் இருக்கும் கழுவல் நேரங்கள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை. சித்திரை வைகாசியில் தேனியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் அதற்கு 10 டிகிரிக்கும் மேலே இருக்கும். 24 டிகிரிக்கே பிலிம் கழுவும் நேரத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் நெகட்டிவ் தேவைக்கு மேல் கறுத்து ஹார்டாகிவிடும். கடும் வெயிலில் எடுத்த படம் ஏற்கெனவே ஹார்டு. சூட்டில் கழுவினால் இன்னொரு பங்கு ஹார்டு. இரண்டும் சேர்ந்தால் கிரேடு 0 காகிதமும் கைகொடுக்காது. கோடை நெகட்டிவ்கள் கரியும் சுண்ணாம்புமாக வருவதற்குக் கேமராவைவிடக் குழாய்த் தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டெவலப்பரில் இரண்டு வேலையாட்கள் உண்டு. மெட்டால் மென்மையாக, வேகமாகத் தொடங்கி, சாம்பல்களைக் கொண்டுவரும். ஹைட்ரோகுவினோன் பிந்திவந்து கறுப்பை ஏற்றும். வெப்பத்துக்கு மெட்டாலைவிட ஹைட்ரோகுவினோன்தான் கூடுதலாக ஆடும். குளிரில் அது ஏறக்குறைய உறங்கிவிடும், சூட்டில் துள்ளும். ஒரே நெகட்டிவின் பிரிண்டை ஊட்டியின் மார்கழிக் குளிரில் கழுவினால் கறுப்பு சோர்ந்து வருவதற்கும் கம்பத்துக் கோடையில் அது பாய்ந்து வருவதற்கும் இந்த ஒரு சேர்மம்தான் காரணம். இதையே கருவியாகவும் பயன்படுத்தலாம். மெட்டால் மட்டும் கரைத்த கரைசலையும் ஹைட்ரோகுவினோன் மிகுந்த கரைசலையும் வெவ்வேறு விகிதத்தில் கலக்கும் பியர்ஸ் டெவலப்பரில், ஒரே கிரேடு காகிதத்தின் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்த முடியும். கையில் ஒரே கிரேடுப் பெட்டி இருந்த காலத்தில் அது பெரிய உதவி.

சூட்டில் ஜெலட்டினும் இளகி ஊதும். சூடான கரைசலிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குப் பிலிம் திடீரென்று போனால் படலம் சுருங்கி நெகட்டிவ் முழுக்க நுண்ணிய சுருக்கங்கள் விழுந்துவிடும். இதற்காகத்தான் ஹைப்போவில் படிகாரம் சேர்த்தார்கள். கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்கும் அதே பொட்டாஷ் படிகாரம் ஜெலட்டினை இறுக்கும். கரைசல்களையும் அலசும் தண்ணீரையும் ஒரே வெப்பத்தில் வைத்திருப்பது அதைவிட முக்கியம். கம்பம் பள்ளத்தாக்கின் வறண்ட காற்றில் மண்பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். கரைசல் தட்டை அந்தத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்தால் செலவில்லாமல் சில டிகிரிகள் இறங்கும். பிரிண்ட் வேலையை இரவுக்குத் தள்ளினால் வெளிச்சம் கசியும் கவலையும் தீரும், வெப்பமும் இறங்கும்.

வெப்பம் பெட்டியில் இருக்கும் காகிதத்தையும் விடாது. சூட்டில் பல மாதம் கிடந்த காகிதத்தில், ஒளியே படாத படிகங்களும் டெவலப்பரில் கறுக்கத் தொடங்கும். வெள்ளை அழுக்காகும், கான்ட்ராஸ்ட் இறங்கும். கையில் இருக்கும் காகிதம் அப்படியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒளி காட்டாமலே ஒரு துண்டைப் பாதியளவு டெவலப்பரில் நனைத்து, பிறகு முழுவதையும் ஹைப்போவில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பாதிகளுக்கும் நடுவில் கோடு தெரிந்தால் காகிதம் முதுமை அடைந்துவிட்டது. டெவலப்பரில் கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடோ பென்சோடிரையசோலோ கூட்டினால் ஓரளவு மீட்கலாம்.

காகிதத்துக்கும் குளிருக்கும் உள்ள இந்த உறவு தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றிலும் இருக்கிறது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் அமைந்தது. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் குளிர்ச்சியும் தூசி குறைந்த காற்றும் ஜெலட்டின் பூசும் வேலைக்கு ஏற்றவை. ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. வண்ணமும் இறக்குமதியும் அதன்பின் டிஜிட்டலும் வந்து அந்த ஆலையை முடக்கிவிட்டன.

கை செய்யும் வேலை

கிரேடு படம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் படத்தின் எல்லாப் பகுதியும் ஒரே கான்ட்ராஸ்டைக் கேட்பதில்லை. அங்கேதான் கை நுழைகிறது. ஒளி விழும்போது கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டால் குலைப் பகுதியைச் சில நொடி மறைத்தால் அது வெளுக்கும். துளையிட்ட அட்டை வழியாக வேட்டிக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் அதில் மடிப்பு வரும். மல்டிகிரேடில் இன்னும் நுட்பமாக, ஒரே தாளில் முதலில் 00 ஃபில்ட்டரில் வெள்ளைகளுக்கும், பிறகு 5 ஃபில்ட்டரில் கறுப்புகளுக்கும் தனித்தனியாக ஒளி காட்டலாம். நேரமும் கிரேடும் அங்கே இரண்டு நேரங்களாகிவிடுகின்றன. வேட்டி எதற்கும் மசியாவிட்டால், நெகட்டிவ் இல்லாமல் காகிதம் முழுவதற்கும் கறுப்பு ஏறாத அளவுக்கு மிகச் சிறிய ஒளியை முன்கூட்டியே காட்டிவிடலாம். தயங்கும் படிகங்கள் அதனால் வாசல்வரை வந்து நிற்கும். நெகட்டிவ் வழியே வரும் கொஞ்ச ஒளியும் அவற்றைத் தாண்டவைத்துவிடும்.

இந்தக் கைவேலைக்கு நம் பக்கத்தில் நீண்ட வரலாறு உண்டு. தேனியும் கம்பமும் 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தவை. அந்த மதுரைக்கு 1858இல் லின்னேயஸ் டிரைப் மெழுகுக் காகித நெகட்டிவ்களோடு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அக்கால நெகட்டிவ் நீலத்தைத்தான் நன்றாக உணரும். வானம் வெறும் வெள்ளையாகவே வரும். அவர் நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். பிரிண்டை வெயிலில் வைத்தே எடுத்தார்கள், டெவலப்பர் கிடையாது. வெயிலில் கறுக்கும் அந்தக் காகிதத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: நிழல் பகுதி முதலில் கறுத்ததும், அந்தக் கறுப்பே ஒரு திரையாகி, அடியில் இருப்பது மேலும் கறுக்காமல் தடுத்துவிடும். தன் கான்ட்ராஸ்டைத் தானே அடக்கிக்கொள்ளும் காகிதம் அது. அதனால் அக்கால நெகட்டிவ்கள் இன்றைய கண்ணுக்குத் தேவைக்கு மேல் கறுத்தவையாகத் தெரியும். இன்றைய கிரேடு 2 காகிதத்தில் அவற்றைப் போட்டால் வெள்ளையும் கறுப்பும் மட்டுமே மிஞ்சும்.

பின்னால் வந்த ஊர் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ செய்தவர்கள் கூரிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தின் நிழல்களை நிரப்பினார்கள். கிராஃபைட் சேர்ந்த இடம் ஒளியைத் தடுக்கும்; பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அதுவும் கான்ட்ராஸ்ட் குறைப்புதான், சதுர மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. சிவப்பை உணராத ஆர்த்தோ பிலிம் பழுப்புத் தோலை உள்ளதைவிடக் கறுப்பாக்கியது; நெற்றிக் குங்குமத்தை மைப்பொட்டாகவே மாற்றியது. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவிய பிறகுதான் குங்குமம் சாம்பலாகி, மையிலிருந்து பிரிந்தது. உங்கள் பாட்டியின் படத்தில் பொட்டு கன்னங்கறுப்பாக இருந்தால், அது பிலிமின் குறையாக இருக்கலாம்.

அலமாரியில் இருக்கும் நெகட்டிவ்

இருட்டறை வைத்திருப்பவர்கள் இன்று மிகச் சிலர். ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தேவைப்படுகிறது, ஏனென்றால் பல வீடுகளில் பழைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. பிரிண்ட் பழுத்துப்போனதும் நாம் பிரிண்டையே கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்குகிறோம். அது 100 மடங்குக்குள் ஏற்கெனவே வெட்டியெடுத்த ஒன்றின் நகல். ஒரு கரிக்கட்டிக் குலையிலிருந்து எந்த மென்பொருளும் பூச்சை மீட்டுத் தராது. நெகட்டிவில் அது இன்னும் இருக்கலாம். அன்றைக்குக் கடையில் கிடைத்த ஒரே கிரேடில், அவசரத்தில், திருமண ஆல்பத்துக்காகப் போட்ட பிரிண்ட் அந்த நெகட்டிவின் கடைசிச் சொல் அல்ல.

நெகட்டிவை எடைபோட ஓர் எளிய வழி உண்டு. அச்சடித்த நாளிதழின்மேல் வெளிச்சத்தில் அதை வைத்துப் பாருங்கள். மிகக் கறுத்த பகுதி வழியாகவும் எழுத்தை மங்கலாகப் படிக்க முடிந்தால் அது எளிதில் பிரிண்ட் ஆகும் நெகட்டிவ். படிக்கவே முடியாவிட்டால் ஹார்டு. எல்லா இடத்திலும் தெளிவாகப் படிக்க முடிந்தால் சாஃப்ட். ஸ்கேன் செய்யும்போது கருவி தானாகக் கூட்டும் கான்ட்ராஸ்டை அணைத்துவிட்டு, தட்டையாகத் தெரியும்படியே முழு வீச்சையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இருட்டறை வரிசையையே பின்பற்றலாம்: முதலில் வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்து, அதன்பின் கறுப்பை இழுப்பது. திரையில் நாம் வளைக்கும் கோடு ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வரைந்த அதே கோடுதான்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறது. எல்லா ஊருக்கும் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. நெகட்டிவை வெப்பம் ஏறும் பரணிலிருந்து இறக்கி, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறையில், வீட்டிலேயே குளிர்ந்த உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஸ்டூடியோ மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பிரிண்ட் கேட்காதீர்கள், நெகட்டிவைக் கேளுங்கள். பிரிண்ட் ஒருவர் ஒருநாள் எடுத்த முடிவு. நெகட்டிவ் கையில் இருந்தால் அந்த முடிவை நாமும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.